கண்ணாடியில் தெரிந்த முகம்

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள், தோழிகளே. மகன் இப்போதுதான் தூங்கினான். பகலில் எழுத உட்கார்ந்தால் ஒரு வரிக்கு மேல் ஓடவில்லை.

அன்று விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு எழும்பும்போது பள்ளிவாசல் ஒலிபெருக்கியின் மரண அறிவிப்பில், எனக்கு அக்காவைப் போலிருந்த பரீதா ராத்தாவின் பெயர் கேட்டது. இன்னாலில்லாஹி சொல்லும்போதே ஒரு நிம்மதியும் வந்தது. கடைசி நாட்களில் அவர் பட்ட வேதனையைப் பக்கத்து வீட்டிலிருந்து கேட்டவள் நான். வந்து பார்த்த உங்களுக்கும் அது விளங்கும்.

கணவர் கட்டாருக்குப் போன பிறகு, மகனுக்கு மூச்சு இழுப்பு வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டுமே என்றுதான் நான் கார் பழகினேன். முன்னால் ஓட்டுவது வந்துவிட்டது. ஆனால் எங்கள் குறுகிய ஒழுங்கையில் காரைத் திருப்ப இடமில்லை. ஒரு பக்கம் மதில், மறுபக்கம் தண்ணீர் ஓடும் மூடாத கான். பின்னாலேயே வந்துதான் வீதிக்கு ஏற வேண்டும். நான் ரிவேர்ஸ் போட்டால் தெருவே கூடிவிடும்.

"வெட்டு புள்ள, வெட்டு!"

"இல்ல, மத்தப் பக்கம் ஒடி!"

"வரட்டும், வரட்டும்!"

எல்லோரும் சொன்னதை மரியாதையாகக் கேட்டேன். காரின் பின்சில்லு கானுக்குள் இறங்கியது.

காரைத் தூக்கிவிட்டுச் சிரித்த அண்ணன்மாரை ராத்தாதான் விரட்டினார். "வரட்டும் வரட்டும் எண்டு கானுக்குள்ள வர வெச்சிட்டு என்ன சிரிப்பு காக்கா?" பிறகு என் பக்கம் குனிந்து, "நான் என்ட கேற்றையே இடிச்சவ. ஒனக்கென்ன வெக்கம்?" என்றார். அவரும் அந்த வருடம்தான் கார் பழகியிருந்தார்.

அன்றிலிருந்து அவர் மட்டும் பின்னால் நிற்பார். சத்தம் போடமாட்டார், கையைத்தான் காட்டுவார். "என்ட முகம் கண்ணாடில தெரியல்லண்டா நிப்பாட்டு. எறங்கிப் பாரு. அவசரப்படுத்துறாக்களுக்குத்தான் அவசரம், ஒனக்கில்ல." ஏறுமுன் காரைச் சுற்றி நடக்கவும் வைப்பார். பிள்ளைகள் விளையாடும் ஒழுங்கை அது. மகனை நானே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்றும் நடந்து பார்த்துவிட்டுத்தான் ஏறினேன்.

மௌத்துச் செய்தி கேட்டதும், அட்டாளைச்சேனையில் படிக்கும் அவருடைய மகள் சஹ்லாவைக் கூட்டி வந்தது நான்தான். அந்தப் பதற்றத்தில் காரை ராத்தா வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டேன். ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுக்கும் நேரம்தான் உறைத்தது: உடலை வைத்த சந்தூக்குப் பெட்டியைச் சுமப்பவர்கள் என் காரைத் தாண்டிப் போக முடியாது.

"சாவியத் தாங்க புள்ள" என்று பலர் கை நீட்டினார்கள். கொடுக்கப் போனேன். ராத்தாவுக்கு வழிவிடுவதை இன்னொருவரிடம் கொடுக்க மனம் வரவில்லை. நானே ஏறினேன்.

உடனே பழைய கூச்சல். கண்ணாடியில் ஒரே கைகள். நிப்பாட்டினேன். இறங்கி, "காக்காமார், ஒரு ஆள் மட்டும் காட்டுங்க. மத்தாக்கள் கதைக்காதீங்க" என்றேன்.

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது சஹ்லா வெளியே வந்தாள். கார்க் கண்ணாடியில் சரியாகத் தெரியும் இடத்தில் போய் நின்றாள்.

"உம்மா இதுலதானே நிப்பா. வாங்க சாச்சி."

அழுது வீங்கிய முகம். அதே மூக்கு, அதே நெற்றி. அவள் கையை மட்டும் பார்த்து வந்தேன். மதிலில் படவில்லை, கானில் இறங்கவில்லை. வீதியோரம் நிறுத்தி, சந்தூக்கு என்னைக் கடந்து போவதைப் பார்த்தேன். அழுகைக்கு முன் பெருமூச்சுதான் வந்தது.

கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நிறுத்திவிடலாம், எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தாலும். ராத்தாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதைத்தான்.

தானும் கார் பழக வேண்டும் என்கிறாள் சஹ்லா. நான் பக்கத்தில் உட்காருவேன். காருக்குப் பின்னால் நின்று கை காட்ட ஓர் ஆள் வேண்டும், ஒரே ஓர் ஆள். உங்களில் யார் வருவீர்கள்? சீக்கிரம் பதில் எழுதுங்கள்.