பிண்டர் வீட்டு நட்சத்திரம்

ஆஃப்ரா வந்தேறி என்று எங்கள் ஊரில் இன்னும் சொல்கிறார்கள். அவள் பிறந்தது எட்டு கிலோமீட்டர் தள்ளி, ஆற்றுக்கு அந்தப் பக்கம். இருபத்திரண்டு வருடமாக எங்கள் பிள்ளைகளைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போய்ப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து விடுகிறாள். பனியில் சாலை தெரியாத நாளிலும் ஒரு பிள்ளைக்குக் கீறல் பட்டதில்லை. இருந்தும் வந்தேறி! இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் எதிர்வீட்டுக்காரி, பூர்கல். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என் வீட்டுக்காரர் லோரன்ஸ் சொல்வார். அவர் என்ன செய்தார் என்று கேட்டால் நீங்களும் கோபப்படுவீர்கள்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஆஃப்ரா கிழவர் பிண்டரின் வீட்டை வாங்கினாள். கூரை ஒழுகும், சுவர் பூசணம் பூத்துப்போயிருக்கும், தோட்டத்தில் முள்தான் விளையும். பைத்தியமா இவளுக்கு என்று நானே கேட்டேன். பத்திரத்தை விரித்துக் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டினாள். ஊர்க் கொதிகலனில் பீர் காய்ச்சும் உரிமை இந்த வீட்டுக்கு உண்டு என்று எழுதியிருந்தது. எங்கள் ஊரில் பதினெட்டு வீடுகளுக்குத்தான் அந்த உரிமை. முறை வரும்போது பொதுக் கொதிகலனில் காய்ச்சி, ஆறியதும் அந்த இனிப்புச் சாற்றை டிராக்டரில் வீட்டுக்குக் கொண்டுபோய், அவரவர் பாதாள அறையில் ஈஸ்ட் போட்டுப் புளிக்க விட வேண்டும். பீர் தயாரானதும் வாசலில் கம்பு நட்டு, மரத்தால் செய்த ஆறுமுனை நட்சத்திரத்தைத் தூக்க வேண்டும். நட்சத்திரம் தொங்கினால் யார் வேண்டுமானாலும் உள்ளே போய் உட்காரலாம். பீர் தீர்ந்ததும் இறக்கிவிடுவார்கள்.

"எனக்குப் பிடிச்ச பீர நானே காய்ச்சி, என் வாசல்ல நட்சத்திரம் தூக்கணும் பூர்கல். அதுக்குத்தான் இந்த ஓட்டை வீடு," என்றாள்.

அவளுக்குப் பிடித்ததுதான் வில்லங்கம். கோதுமை பீர். அதுவும் சாதாரணக் கோதுமை பீர் இல்லை; ஹாப்ஸ் பூவை அள்ளி அள்ளிப் போட்டு, கசப்பும் பழவாசனையுமாக மூக்கில் ஏறுகிற கோதுமை பீர். எங்கள் ஊர்க் கொதிகலன் பார்லியைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை. கோதுமை பீர் குடிக்கிறவர்களோ அதில் கசப்பே கூடாது என்பார்கள். ஆக, இரண்டு கட்சிக்கும் அவள் எதிரி.

கூரையைச் சரிசெய்யவே நாலு வருடம் ஆனது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் முறை கேட்டாள். பட்டியல் நிறைந்துவிட்டது என்று ஒவ்வொரு வருடமும் பதில் வந்தது. இந்த ஜனவரியில் காய்ச்சும் உரிமை உள்ளவர்களின் சங்கக் கூட்டத்துக்கு ரொட்டி வெட்டிக் கொடுக்க நானும் போயிருந்தேன். சங்கத் தலைவர் ஷ்மீட் வீட்டு கோர்பினியன் தொப்பையைத் தடவிக்கொண்டு அதே பாட்டை ஆரம்பித்தார்.

"இந்த வருஷமும் பட்டியல் நிறைஞ்சு போச்சும்மா."

"அஞ்சு வருஷமா நிறைஞ்சே இருக்கே தலைவரே. நடுவுல ஒருத்தருக்குக்கூடவா உடம்பு சரியில்லாமப் போகல?"

யாரோ சிரித்தார்கள். கோர்பினியன் முகம் சிவந்தது.

"சரி, உடைச்சே சொல்லிடறேன். பார்லி காய்ச்சறதுன்னா பிப்ரவரி மொத வாரமே கொதிகலன் உனக்கு. கோதுமை மட்டும் உள்ள வரக்கூடாது. அதுக்குப் போடற ஈஸ்ட் ஒரு தடவ நுழைஞ்சா செவுத்துல ஒட்டிக்கும். அப்புறம் எங்க எல்லார் பீரும் வாழைப்பழமா நாறும்."

"ஈஸ்ட் எங்க இங்க வருது? இங்க காய்ச்சறது வெறும் சாறு. ஈஸ்ட்ட நான் என் வீட்டுப் பாதாள அறையில போடுவேன். உங்க கொதிகலன் அத கண்ணாலகூடப் பாக்காது."

பிறந்ததிலிருந்து காய்ச்சுகிறவர்களுக்கு இது தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். தெரிந்தே பயப்பட்டார்கள், அவர்கள் அப்பாக்களும் அப்படியே பயந்தவர்கள். கோர்பினியன் சங்கப் புத்தகத்தைத் திறந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"பத்து வருடத்துக்குள் ஒருமுறையேனும் நட்சத்திரம் தூக்கி, பீர் தீர்ந்து, சங்கத்தார் கண்முன் இறக்காத வீட்டுக்குக் காய்ச்சும் உரிமை இல்லை." புத்தகத்தை மூடினார். "கிழவர் பிண்டர் கடைசியா நட்சத்திரம் எறக்குனது ஜோசப் திருநாள்ல. வர்ற மார்ச் பத்தொம்பதோட பத்து வருஷம் முடியுது. பார்லி காய்ச்சு, உரிமை நிக்கும். இல்லன்னா போச்சு."

சரி என்றவர்கள் கையைத் தூக்கினார்கள். சங்கத்தின் எழுத்தர் என் லோரன்ஸ். அந்த மனுஷனும் ஒரு கையில் பேனாவை வைத்துக்கொண்டு மறு கையைத் தூக்கினார்! ரொட்டிக் கத்தியை வைத்துவிட்டு நான் அவரையே பார்த்தேன். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

ஆஃப்ரா அழுவாள் என்று நினைத்தேன். அவள், "அத இன்னொரு தரம் படிங்க தலைவரே, மெதுவா," என்றாள். அவர் இன்னொரு தரம் படித்தார். தலையை ஆட்டிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். வாசலில் அவளைப் பிடித்தேன்.

"பேசாம பார்லிய காய்ச்சித் தொலையேன்டி. உரிமையாவது நிக்கும்."

"பார்லி காய்ச்ச எனக்கும் தெரியும். அவங்க சொன்னதுக்காகக் காய்ச்சுனா அது அவங்க நட்சத்திரம். என் வாசல்ல அதுக்கு எடமில்ல."

"உரிமை போயிடுமேடி!"

"போனா ஓட்டை வீட்டுல ஒரு முட்டாள் இருக்கான்னு சிரிச்சுட்டுப் போங்க," என்றாள். அந்த ஒரு வரிக்காகத்தான் ஒன்பது வருடம் அந்த வீட்டோடு மல்லுக்கட்டியிருந்தாள்.

பிப்ரவரி முதல் சனிக்கிழமை அவள் துணி வேகவைக்கும் அறையில் புகை வந்தது. போய்ப் பார்த்தால் அழுக்குத்துணி வேகவைக்கும் பெரிய செம்புக் கொப்பரை தங்கமாக மின்னிக்கொண்டு அடுப்பில் இருந்தது. வீட்டில் காய்ச்சப்போவதாகச் சுங்க அலுவலகத்துக்கு முறைப்படி எழுதியும் போட்டிருந்தாள். முளைகட்டிக் காயவைத்த தானியம்தான் மால்ட்; அதில் ஆறு பங்கு கோதுமை, நாலு பங்கு பார்லி. வெந்நீரில் கொட்டி, முதலில் நாற்பத்தைந்து டிகிரியில் நிறுத்தினாள், கிராம்பு வாசனை பிறகு வருவதற்காம். அப்புறம் அறுபத்து மூன்று, அப்புறம் எழுபத்திரண்டு. தெர்மாமீட்டரைக் கையில் பிடித்தபடி ஒரு காலில் நின்றாள். எனக்குத் துடுப்பால் கிளறுகிற வேலை.

வடிகட்டும்போதுதான் வம்பு வந்தது. கோதுமைக்கு உமி கிடையாது. பார்லி உமிதான் சாறு இறங்க வழிவிடும். கீழே ஓட்டை போட்ட பெரிய வாளியில் கூழ் முழுவதும் களிமண்ணாக இறுகிக்கொண்டது. குழாயைத் திறந்தால் ஒரு சொட்டு இல்லை. ஆஃப்ரா வாளியைத் தட்டினாள், குழாயில் ஊதினாள், திட்டக்கூடாததையெல்லாம் திட்டினாள். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"கோர்பினியனுக்குத் தெரிஞ்சா ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பான்."

எனக்குச் சட்டென்று என் கழுத்துவலித் தலையணை ஞாபகம் வந்தது. போன வருடம் சந்தையில் வாங்கியது, உறையைக்கூடப் பிரிக்கவில்லை. உள்ளே முழுவதும் சுத்தமான உமி! ஓடிப்போய் எடுத்துவந்து கத்தியால் கிழித்தேன். உமியைக் கொதிக்கும் நீரில் போட்டு அலசி, கூழில் கலந்து, பத்து நிமிடம் காத்திருந்தோம். குழாயிலிருந்து முதலில் கலங்கலாக வந்து, பிறகு தேன் நிறத்தில் தெளிந்து ஓடியது. இரண்டு கிழவிகளும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தோம். எனக்கு அறுபத்து மூன்று வயது, சொல்ல வெட்கமில்லை.

கொதிக்கும்போது கொஞ்சம் ஹாப்ஸ், இறக்கும்போது நிறைய. பொங்கியெழுந்த ஈஸ்ட் நுரை நாலு நாள் மூடியைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அது அடங்கிய பிறகு என் புது நைலான் காலுறையைக் கொதிநீரில் அலசி, இன்னும் ஒரு பிடி ஹாப்ஸ் பூவை அடைத்து பீருக்குள் தொங்கவிட்டாள். கமலா ஆரஞ்சுத் தோலைக் கிள்ளியது போல வீடே மணத்தது. மூன்று நாள் கழித்து எடுத்துவிட்டு, ஐம்பது லிட்டர் பீப்பாய் ஒன்றில் நிரப்பி மூடினாள்.

ஜோசப் திருநாளுக்கு முந்தின சனிக்கிழமை கோர்பினியன் வீட்டில் நட்சத்திரம் தூக்கும் முறை. ஒருவர் நட்சத்திரம் தொங்கும்போது இன்னொருவர் தூக்குவது இந்த ஊரில் நடந்ததே இல்லை. அன்று மதியம் மூன்று மணிக்கு ஆஃப்ரா ஏணி போட்டு ஏறினாள். கிழவர் பிண்டரின் நட்சத்திரம் பரணில் கிடந்தது. ஒரு முனை உடைந்திருந்ததை மரக்கரண்டிக் காம்பு வைத்து ஒட்டியிருந்தாள். அதைத் தூக்கிக் கட்டிவிட்டு இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். தெருவே திகைத்துப்போனது.

பத்தே நிமிடத்தில் கோர்பினியன் சங்க ஆட்களோடு வந்துவிட்டார். என் லோரன்ஸும் சங்கப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னால் பம்மி வந்தார்.

"எறக்கு அத! என்ன தைரியம் உனக்கு?"

"பீப்பாய் நிறைய பீர் இருக்கு தலைவரே. பீர் இருக்கும்போது நட்சத்திரத்த எறக்கலாமா?"

கோர்பினியன் ஏணியில் வைத்த காலை எடுத்தார். அவருடைய தாத்தா நட்சத்திரம் தூக்கியிருந்தபோது ஊர்ப் பாதிரியார் இறந்துபோனார். துக்கத்துக்காக நட்சத்திரத்தை இறக்கும்படி பிஷப்பே சொல்லியும், அரைப் பீப்பாய் மிச்சமிருக்கிறது, தீராமல் இறக்க மாட்டேன் என்று தாத்தா மறுத்துவிட்டார். இந்தக் கதையைக் கோர்பினியன் வருடத்துக்கு நாலு தடவையாவது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வார். நாங்கள் எல்லோரும் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர்கள். இப்போது எல்லோரும் அவரையே பார்த்தோம்.

"எவ்வளவு இருக்கு?" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"அம்பது லிட்டர்."

"பூ! அரை மணி நேரத்துல தீர்த்துடறோம். டேய், எங்க வீட்டுல உக்காந்திருக்கிற அத்தனை பேரையும் இங்க வரச்சொல்லுங்கடா!"

தன் விருந்தாளிகளைத் தானே எதிரி வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தார் அந்தப் புத்திசாலி. நாற்பது பேராவது இருக்கும். ஆஃப்ரா ஊற்றினாள், நான் ரொட்டியும் பன்றிக்கொழுப்பும் வைத்தேன். முதல் குவளையைக் கோர்பினியன் மருந்து குடிக்கிற முகத்தோடு எடுத்தார். ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார். குவளைக்குள் எட்டிப் பார்த்தார்.

"எப்படி இருக்கு தலைவரே?" என்று கேட்டேன். விடுவேனா?

"கேக்குல பூண்டு போட்ட மாதிரி இருக்கு," என்றார். ஆனாலும் அந்தக் குவளை காலியானது, அடுத்ததற்கும் அவர் கை நீண்டது. மூன்றாவதில் பழவாசனை எதிலிருந்து வருகிறது என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார். என் காலுறையிலிருந்து என்று சொல்ல நாக்கு துடித்தது. ஆஃப்ரா என் காலை மிதித்தாள்.

அரை மணி நேரத்தில் தீரவில்லை; யாருக்கும் அவசரம் இருந்ததாகவும் தெரியவில்லை. ஆறுமணிக் கோயில் மணி அடிக்கும்போதுதான் குழாய் கடைசியாக நுரையைக் கக்கியது. கோர்பினியன் எழுந்து, பீப்பாயைச் சாய்த்துப் பார்த்து, "தீர்ந்துபோச்சு! எல்லாரும் பாத்துக்கங்க, தீர்ந்துபோச்சு!" என்று கத்தினார். கூட வந்திருந்த சங்கத்து ஆட்கள் அஞ்சு பேரும் வெளியே வந்தார்கள். தலைவர் தாமே ஏணியில் ஏறி நட்சத்திரத்தை அவிழ்த்து, ஜெயித்த முகத்தோடு கீழே இறங்கினார்.

ஆஃப்ரா லோரன்ஸின் பக்கம் திரும்பினாள்.

"எழுத்தரே, புத்தகத்த எடுங்க. தேதி போடுங்க. பிண்டர் வீடு. நட்சத்திரம் தூக்கியாச்சு. பீர் தீர்ந்தாச்சு. சங்கத்தார் கண்முன்ன எறக்கியாச்சு. எறக்குனது தலைவர்."

கோர்பினியன் முகத்தில் ஈயாடவில்லை. "நீ எங்க கொதிகலன்ல காய்ச்சலையே!"

"கொதிகலன்னு அதுல எங்க இருக்கு? ரெண்டு தரம் படிச்சுக் காட்டுனீங்களே. நான் மெதுவாத்தான் கேட்டுக்கிட்டேன்."

லோரன்ஸ் புத்தகத்தை வைத்துக்கொண்டு தலைவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. ரொட்டிக் கத்தி கையில் இருந்தது, அவ்வளவுதான். அவர் பேனா மூடியைத் திறந்து, புத்தகத்தை ஏணிப்படியில் வைத்து, ஒரு வார்த்தை விடாமல் எழுதினார்.

ஆஃப்ராவின் கண் நிறைந்திருந்தது. நட்சத்திரத்துக்காகக் கையை நீட்டினாள். கோர்பினியன் கொஞ்ச நேரம் அதைப் பிடித்துக்கொண்டே நின்றுவிட்டுக் கொடுத்தார்.

"உரிமை நின்னாச்சு, நாப்பது பேர் குடிச்சும் பாத்தாச்சு. இலையுதிர்காலத்துல என் முறைய எழுதுங்க," என்றாள் அவள். "ரெண்டாயிரம் லிட்டர். கோதுமை. கொதிகலன நல்லாக் கழுவி வைங்க தலைவரே, உங்க பார்லி வாசனை என் பீர்ல ஒட்டிக்கக் கூடாது."