இருபத்துமூன்றாவது மைலுக்குப் பிறகு பினாங்கில் ஐந்து நாள்

செவ்வாய்க்கிழமை காலை எட்டேகால் மணிக்கு ஈப்போ ஸ்டேஷனில் பிறைக்குப் போகும் வண்டியில் ஏறினேன். ஏறினேன் என்று எழுதுவது சுலபம். மூன்றாம் வகுப்புப் பெட்டிக்கு இருந்ததே மூன்று படிதான். அதில் என்னைத் தூக்கிவிட இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஒருவர் போர்ட்டர், மற்றவர் கைத்தடி ஊன்றிய ஒரு சீனக் கிழவர். "வாதமா சார்?" என்று போர்ட்டர் பரிவோடு கேட்டார். "மாரத்தான்" என்றேன். அப்படி ஒரு வியாதியை அவர் கேள்விப்பட்டதில்லை.

விஷயம் இதுதான். எனக்கு வயது முப்பத்துநான்கு. ஈப்போவில் ஓர் ஈயச் சுரங்க ஆபீஸில் கிளார்க். சென்ற சனிக்கிழமை கோப்பெங் சாலையில் நடந்த இருபத்தாறு மைல் ஓட்டத்தில் கலந்துகொண்டேன். இருபத்துமூன்றாவது மைலில் மயங்கி விழுந்துவிட்டேன் என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையில் நான் மயங்கவில்லை. ஒரு மதகுக் கட்டையைப் பார்த்தேன், உட்கார்ந்தேன். பின்னால் வந்த மோட்டார் காரிலிருந்து யாரோ "மயக்கம் போட்டுட்டாரு!" என்று கத்தினார்கள். அந்தச் சொல் எனக்கு மிகவும் வசதியாக இருந்ததால் கண்ணை மூடிக்கொண்டேன். ஈரத்துணி போட்டார்கள், விசிறினார்கள், காரில் தூக்கிப் போனார்கள். இத்தனை உபசாரத்துக்குப் பிறகு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

இன்னும் பத்து வாரத்தில் பினாங்கிலும் இதே தூரத்துக்கு ஓர் ஓட்டம். பெயர் கொடுக்கச் சனிக்கிழமை நண்பகல்தான் கடைசி. உடம்பைத் தேற்றிக்கொள்ளவும், பெயர் கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்யவும் ஐந்து நாள் லீவு எடுத்துப் புறப்பட்டேன். கால் ஆறிவிடும். கண்ணை மூடிக்கொண்ட ஆசாமியை நம்பி மறுபடியும் ஓட இறங்கலாமா என்பதுதான் என் கவலை.

ஈப்போவிலிருந்து பிறை நூற்றுப் பத்து மைலுக்குச் சற்று அதிகம். பகல் ஒரு மணிக்குச் சேர்ந்தோம். அங்கே ரயில் முடிந்துவிடுகிறது. ரயில்வேயின் நீராவிப் படகில் ஏறிக் கடலைத் தாண்ட வேண்டும். அக்கரையில் மணிக்கூண்டோடு பெரிய ரயில்வே கட்டடம் இருக்கிறது, தண்டவாளம்தான் கிடையாது. ஓட முடியாத ஓட்டக்காரனை வரவேற்கப் பொருத்தமான ஸ்டேஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

பிற்பகல் இரண்டரை மணி. ரிக்‌ஷாவுக்குப் பதினைந்து காசு கொடுத்துச் சூலியா தெருவுக்குப் போனேன். அங்கே ஒரு சந்தில் கமால் ராவுத்தர் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறார். முன்பு ஈப்போவில் எங்கள் ஆபீஸுக்கு எதிரே கடை வைத்திருந்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். உடம்பு இரண்டு ஆள் கனம். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. என் மயக்கக் கதை எனக்கு முன்பே அவரிடம் வந்து சேர்ந்திருந்தது. என்னைக் கண்டதும் கல்லாவை விட்டு எழுந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேருக்கும் அறிமுகம் செய்து வைத்தார்.

"பாத்துக்குங்க! இருபத்துமூணு மைல் ஓடி, நெனப்பு தப்பி விழுந்த மனுசன் இவருதான்! கடைசி மூச்சு வரைக்கும் நிக்கல லா!"

எல்லோரும் என் காலைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

தங்குவதற்குக் கடைக்கு மேலே ஓர் அறை கொடுத்தார். நீண்ட தூரம் ஓடியவன் ஏணிப்படியில் ஏறிவிடலாம், இறங்குவதுதான் கஷ்டம் என்பதை ஓடாதவர்களுக்குச் சொல்லி வைக்கிறேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகத்தான் இறங்கினேன். ராவுத்தர் அண்ணன் கீழே நின்று, கப்பலைத் துறைக்குள் கொண்டுவருகிறவர் போல "வாங்க... வாங்க... இன்னும் ரெண்டு" என்று குரல் கொடுத்தார்.

இரவுச் சாப்பாட்டின்போது, ஓட்டத்துக்கு எப்படித் தயாரானாய் என்று கேட்டார். பெருமையாகச் சொன்னேன். பெயர் கொடுத்த நாள் முதல் நாற்பத்தெட்டு நாள் விரதம். தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர்கள் இருப்பது போலவே ஒருவேளைச் சோறு, மரக்கறி, பாயில் படுக்கை. ஓட்டத்தன்று காலையில் பால் மட்டும். கன்னத்தில் வேல் குத்திக்கொண்டு நம் ஆட்கள் மலையேறவில்லையா? எங்கள் ஆபீஸில் இருந்த தமிழர் அத்தனை பேரும் இதுதான் சரியான வழி என்றார்கள். மெலிந்தபோது முகத்தில் தேஜஸ் வந்துவிட்டது என்றும் சொன்னார்கள்.

ராவுத்தர் அண்ணன் கறிக்கரண்டியைக் கீழே வைத்தார். "தம்பி, நாங்களும் முப்பது நாள் நோன்பு வைக்கிறோம். நோன்பு வச்சிக்கிட்டு இருபத்தாறு மைல் ஓடுன்னு எங்க எழுதியிருக்கு? காவடின்னா அது நீங்க சாமிக்குச் செய்யிறது. கப்பு வாங்க ஓடுறதுக்குச் சாமி எதுக்கு லா பட்டினி கேக்கப் போறாரு?"

ஆட்டுக்கால் சூப் இரண்டு கிண்ணம் குடித்தேன்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்குத் தண்ணீர்மலைக்குப் போனேன். அருவித் தோட்டத்துக்குள் வளைந்து போகும் பாதை நிழலாக இருக்கிறது. குரங்குகள் அதிகம், மரியாதை குறைவு. என் கையிலிருந்த வாழைப்பழத்தை ஒன்று வாங்கிக்கொண்டு போயிற்று. மெதுவாக இரண்டு சுற்று நடந்தேன். பிறகு முருகன் கோயிலுக்குப் படியேறினேன். சந்நிதியில் நிற்கும்போது, பட்டினி கிடந்ததனால்தான் தோற்றேன் என்று சொல்லிக்கொள்ள நன்றாகத்தான் இருந்தது. ராவுத்தர் அண்ணன் கொடுத்த சாக்கு அது. ஆனால் வெறும் வயிறா என் கண்ணை மூடியது? முருகனிடமும் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. திருநீறு பூசிக்கொண்டு இறங்கிவிட்டேன், வழக்கம் போலப் பின்பக்கமாகத்தான்.

வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்குப் பரீட்சை பார்க்க முடிவு செய்தேன். சந்து முனையில் ஆ செங் என்ற ரிக்‌ஷாக்காரர் நிற்பார். நாற்பது வயதிருக்கும், ஒற்றைநாடி உடம்பு. புலாவ் தீக்கூஸ் வரை ஏற்றிச் செல்லவேண்டும். அங்கிருந்து தஞ்சோங் பூங்கா வரை நான் ஓடுவேன், அவர் காலி வண்டியோடு பின்னால் வரவேண்டும். திரும்பி வருவதும் அப்படியே என்று மலாயில் விளக்கினேன். காலி வண்டிதானே என்று கூலியைக் குறைத்துக் கேட்டேன். வண்டி காலியானாலும் தூரம் குறையாது என்று எண்பது காசில் நின்றார். நியாயம்தான்.

போகும்போது இரண்டரை மைல். இடது பக்கம் தென்னை, வலது பக்கம் கடல். ஓட்டம் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்; நடைக்கும் ஓட்டத்துக்கும் நடுவில் ஒரு தினுசு. ஆ செங்கின் காலடி எனக்குப் பின்னால் ஒரே அளவில் விழுந்துகொண்டிருந்தது. மேட்டில் அவர் நடந்தார், இறக்கத்தில் ஓடினார். நாளுக்கு இருபது மைல் ஓடியும் அவருக்குக் கப்பு கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

திரும்பும்போது, தஞ்சோங் தோக்கோங்குக்கு அருகில், கோப்பெங் சாலையில் வந்த அதே எண்ணம் வந்தது. உட்கார். இத்தோடு போதும். மூச்சு சரியாகத்தான் இருந்தது. தொடை வலித்தது, தாங்க முடியாத வலி இல்லை. ஆனாலும் கண்கள் தாமாக மூடப் பார்த்தன. ஆ செங் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வண்டியை முன்னே நிறுத்தி ஆசனத்தைத் தட்டினார். "துடோக்." மலாயில் உட்கார் என்று அர்த்தம்.

உட்கார்ந்துவிட்டேன். அவமானம் பிடுங்கித் தின்றது. அவர் கொஞ்ச தூரம் இழுத்துப் போய் ஒரு கஞ்சிக் கடையில் நிறுத்தினார். அவருக்கு ஒரு கிண்ணம், எனக்கு ஒரு கிண்ணம், உப்பு மீனோடு. கிண்ணம் மூன்று காசு. குடித்து முடித்ததும் வாயைத் துடைத்துக்கொண்டு வண்டிக் கம்பைத் தூக்கினார். நானும் எழுந்தேன். ஏறவில்லை, ஓடினேன். புலாவ் தீக்கூஸ் வரை ஓடினேன். கால் வந்தது! கோப்பெங் சாலையிலும் இப்படித்தான் வந்திருக்கும். அங்கே நான் எழுந்து பார்க்கவே இல்லை. அது நிச்சயமாகத் தெரிந்தபோது ரிக்‌ஷாவில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். ஆ செங்கின் முதுகுதான் என் பக்கம் இருந்தது.

வெள்ளிக்கிழமை ராவுத்தர் அண்ணன் ஜும்மா தொழுகைக்குப் புறப்பட, நான் பஸ்ஸில் தெலுக் பாஹாங் போனேன். ஓட்டம் நடக்கப்போகும் சாலை இதுவே: ஊர்த் திடலில் புறப்பட்டுப் பதின்மூன்று மைல் போய் அதே வழியில் திரும்ப வேண்டும். பத்து பெரிங்கி என்ற ஊருக்கு அப்புறமும் இப்புறமும் சாலை கடலை ஒட்டிப் பாறைகளைச் சுற்றி ஏறி இறங்குகிறது. எந்த மேட்டில் நடப்பது, எங்கே தண்ணீர் குடிப்பது என்று சிறு நோட்டில் குறித்தேன். இருபத்துமூன்றாவது மைல் புலாவ் தீக்கூஸ் சந்தைப் பக்கம் விழுகிறது. மாலையில் ராவுத்தர் அண்ணன் பத்து வாரத்துக்கும் சாப்பாட்டுப் பட்டியல் போட்டுக் கொடுத்தார். அதில் மீன் இல்லாத நாள் இல்லை. செவ்வாய், வெள்ளி மரக்கறி என்று நான் மன்றாடி வாங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை பத்து மணி. ஓட்டத்தை நடத்துபவர்களின் அறை கடற்கரைத் தெருவில் ஒரு மாடியில் இருந்தது. ராவுத்தர் அண்ணனும் கூட வந்தார். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் தமிழர், மூக்குக்கண்ணாடி போட்டவர். என் பெயரை எழுதிக்கொண்டு கேட்டார்: "முந்தி ஓடியிருக்கீங்களா?"

நான் வாய் திறப்பதற்குள் ராவுத்தர் அண்ணன் முந்திக்கொண்டார். "ஓடியிருக்கீங்களாவா? ஈப்போவுல இருபத்துமூணாவது மைல்ல மயங்கி விழுந்தவரு லா இவரு!"

அவர் பேனாவை வைத்துவிட்டார். "மயக்கம் வந்தவங்க டாக்டர் சீட்டு கொண்டு வரணும். இருதயம் நல்லா இருக்குன்னு எழுதியிருக்கணும். சட்டம் அப்படி."

"அம்புட்டுத்தானே? நம்ம கடைக்கு வர்ற டாக்டர் ஒருத்தர் இருக்காரு. பத்தே நிமிசம், வாங்கியாந்துர்றேன்" என்று ராவுத்தர் அண்ணன் படியை நோக்கித் திரும்பினார்.

அவர் சொன்னபடியே வாங்கி வந்திருப்பார். நான் மயங்கி விழுந்த வீரனாகவே ஈப்போவுக்குத் திரும்பியிருக்கலாம். ஆனால் அந்தச் சீட்டோடு ஓடினால் இருபத்துமூன்றாவது மைலில் மறுபடியும் எனக்கு ஒரு மயக்கம் தயாராகக் காத்திருக்கும். அதை நினைத்தபோது பயமாக இருந்தது.

"சீட்டு வேணாம் அண்ணே" என்றேன். "நான் மயங்கல. சும்மா உக்காந்துட்டேன். கண்ண மூடிக்கிட்டேன்."

அறையில் இன்னும் நான்கைந்து பேர் இருந்தார்கள். மேஜைக்காரர் என்னை ஒருமுறை பார்த்தார். 'முன் ஓட்டம்: 23 மைல், முடிக்கவில்லை' என்று எழுதி, கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினார். போட்டேன்.

படகுத்துறைக்குப் போகும் வழி முழுக்க ராவுத்தர் அண்ணன், எனக்காகக் கட்டிய சோற்றுப் பொட்டலத்தோடு, நாலடி முன்னாலேயே நடந்தார். ஐந்து நாளாகச் சூலியா தெரு முழுக்க என்னைப் பற்றிப் பெருமை பேசியவர். அவர் மானத்தை நான் வாங்கிவிட்டேன். அவர் அடித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

"அண்ணே, ஏதாச்சும் திட்டுங்க" என்றேன்.

"எதுக்குத் திட்டணும்?" சோற்றுப் பொட்டலத்தை என் கையில் திணித்தார். "இருபத்துமூணாவது மைல் எங்க வருதுன்ன?"

"புலாவ் தீக்கூஸ் சந்தைகிட்ட."

"சரி. பந்தயத்தன்னைக்குக் கடைய மூடிட்டு அங்க நான் நாக்காலி போட்டு உக்காந்திருப்பேன். ஒரே நாக்காலிதான். என் ஒடம்புக்கே அது பத்தாது. ஒனக்கு எடம் இல்ல தம்பி, ஓடிரு."

பகல் ஒரு மணிக்குப் படகு நகர்ந்தது. அவர் கூட்டத்தில் தனியாகத் தெரிந்தார். அந்த உடம்புக்குத் தெரியாமல் இருக்க முடியாது. ஈப்போவில் எந்த மைலிலும் எனக்காக யாரும் நிற்கவில்லை, நானும் யாரையும் கூப்பிடவில்லை. பொட்டலத்தைப் பிரித்து, பிறை வருவதற்குள் முழுவதையும் சாப்பிட்டேன்.