இல்லாத எண்ணோடு ஒரு சண்டை

வகுப்பில் அவளுக்கு டெஸ்டர் என்று பெயர். அப்பா எலக்ட்ரீஷியன். அம்மா வீட்டு முன்னறையிலேயே பழுதான மோட்டார்களுக்குக் கம்பி சுற்றுபவள். ஒயரில் கரண்ட் இருக்கிறதா என்று டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் அந்த வீட்டில் யாரும் எதையும் தொடமாட்டார்கள். அதே புத்தி மகளுக்கும். யார் எந்தச் சூத்திரத்தைச் சொன்னாலும், எண்களை உள்ளே போட்டுச் சரிபார்த்த பிறகுதான் நம்புவாள். சின்ன வகுப்புகளில் எல்லோரும் இதை மெச்சினார்கள். பள்ளியின் கடைசி ஆண்டில், உயர்கணித வகுப்பில், இதுவே வினையாக வந்து வாய்த்தது.

எல்லாம் கற்பனை எண் செய்த வேலை. மைனஸ் ஒன்றுக்கு வர்க்கமூலம் இருப்பதாக வைத்துக்கொள்வோம் என்று சொல்லி, கணக்கு மிஸ் அதற்கு ஓர் எழுத்தையும் கரும்பலகையில் எழுதினார். இவளுக்குச் சுருக்கென்றது.

“எந்த எண்ணை அதே எண்ணால பெருக்கினாலும் மைனஸ் வராதே, மிஸ். இல்லாத ஒண்ண எப்படி இருக்குன்னு வெச்சுக்கிறது?”

“வெச்சுக்கிட்டா கணக்கு நடக்குதும்மா. எழுதிக்கோ.”

அவள் எழுதிக்கொள்ளவில்லை. பிடிவாதத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா? பருவத் தேர்வில் வர்க்கமூலத்துக்குள் மைனஸ் வந்த இடத்திலெல்லாம் ‘விடை இல்லை’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடு வேறு போட்டு வைத்தாள். மார்க் அதலபாதாளத்துக்குப் போனது. மறுதேர்வில் பாதி மார்க்காவது வாங்காவிட்டால் சாதாரணக் கணித வகுப்புக்கு மாற வேண்டியதுதான் என்று மிஸ் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

“மார்க்குக்காகவாவது அந்த எழுத்த எழுதிட்டு வாயேன்டி,” என்றாள் அம்மா, கம்பி சுற்றியபடியே.

“நம்பாதத எப்படிம்மா எழுதுறது?”

“அப்படியே அப்பாவ உரிச்சு வெச்சிருக்கு!”

அப்பா தப்பித்தோம் பிழைத்தோம் என்று கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

உயர்கணித வகுப்பை விட்டுப் போக அவளுக்கு மனமே இல்லை. சண்டை போடுவதற்குக்கூட அங்கேதான் விஷயம் கிடைத்தது.

மறுதேர்வின் முதல் கேள்வி: ஓர் எண்ணின் கனம், அந்த எண்ணின் பதினைந்து மடங்கோடு நான்கைக் கூட்டினால் வருவதற்குச் சமம். அப்படி ஓர் எண்ணைக் கண்டுபிடி. முப்படிச் சமன்பாட்டுக்கான சூத்திரத்தில் போட்டாள். பாதி வழியிலேயே மைனஸ் நூற்றிருபத்தொன்றின் வர்க்கமூலம் வந்து வழிமறித்தது. வழக்கம்போல ‘விடை இல்லை’ என்று எழுதி ஒரு கோடும் போட்டாயிற்று. அடுத்த கோட்டுக்கு முன்னால், பழக்க தோஷம், சின்னச் சின்ன எண்களாகப் போட்டுப் பார்த்தாள். நான்கில் வந்து திகைத்தாள். நான்கின் கனம் அறுபத்துநான்கு. பதினைந்து நான்கு அறுபது, அதோடு நான்கு, அறுபத்துநான்கு.

விடை குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறது! அப்படியானால் சூத்திரம் பொய்யா, இல்லை இவள்தான் பாதி வழியில் இறங்கிவிட்டாளா? தெரிந்துகொள்ளாமல் மேலே போக மனசு கேட்கவில்லை. வேண்டாவெறுப்பாக அந்த எழுத்தைப் போட்டுக்கொண்டு நடந்தாள். இனி, சூத்திரப்படி, இரண்டு கனமூலங்களைக் கண்டு கூட்ட வேண்டும். எதையெதையோ பெருக்கினாள், அடித்தாள், மறுபடி பெருக்கினாள். இரண்டோடு அந்த எழுத்தைக் கூட்டியது ஒரு கனமூலம், இரண்டிலிருந்து அதைக் கழித்தது இன்னொன்று என்று கடைசியில் பிடிபட்டது. இரண்டையும் கூட்டியபோது எழுத்தும் எழுத்தும் அடிபட்டுப் போய், நான்கு மட்டும் மிஞ்சியது. அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இல்லாத ஒன்று வழிகாட்டி, இருக்கும் விடைக்குக் கொண்டுவந்து விட்டிருக்கிறதே!

மணி அடித்தது. மற்ற கேள்விகளை அவள் படித்துக்கூடப் பார்த்திருக்கவில்லை.

மறுநாள் மிஸ் அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மத்ததெல்லாம் எங்க?”

“நேரம் போனதே தெரியல, மிஸ்.”

“எழுதின கேள்விக்கு முழு மார்க். ஆனா பாதி வரலயே. நாளையிலேர்ந்து சாதாரணக் கணித வகுப்புக்குப் போயிடும்மா.”

அழக்கூடாது என்றுதான் நினைத்தாள். அழுதுவிட்டாள். “மார்க் வேண்டாம், மிஸ். பின்னாடி ஒரு ஓரமா உக்காந்துக்கவா? அங்க வகுப்பு இல்லாதப்ப மட்டும் வரேன்.”

“வருகைப் பதிவுல பேர் இருக்காது. பரீட்சையும் எழுத முடியாது. வந்து என்ன பண்ணப்போற?”

“அந்த எழுத்து இன்னும் எங்கெல்லாம் கூட்டிட்டுப் போகுதுன்னு பாக்கணும்.”

மிஸ் தாளை அவள் பக்கமாகத் தள்ளினார்.

“இந்தக் கணக்குக்கு மொத்தம் மூணு விடை. நீ ஒண்ணோட நின்னுட்ட. மிச்சம் ரெண்டு எங்க?”

கண்ணைத் துடைக்கக்கூட மறந்து, மிஸ்ஸின் மேஜைமேலேயே குனிந்து அவள் தேட ஆரம்பித்தாள்.