மூலையில் நின்ற சோள மூட்டைகள்

வெள்ளிமலையிலிருந்து இறங்கும் பேருந்து அடிவாரத்தை நெருங்கிய பிறகுதான் கைப்பேசியில் சிக்னல் வந்தது. ஏழு அழைப்புகள், ஏழும் தணிகாசலத்தின் மனைவி அஞ்சலையுடையவை. திருப்பி அழைத்தேன். "உங்க கூட்டாளி போயிட்டாரு சார்" என்றார். மாரடைப்பு. மலைப்பள்ளியில் நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோதே எல்லாம் முடிந்திருந்தது.

கச்சிராயபாளையத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்த தணிகாசலத்தை உங்களில் பலருக்குத் தெரியும். அவர் செய்த ஸ்பீக்கர்களைக் கேட்டவர்கள் குறைவு. ஞாயிறுதோறும் அவர் வீட்டுக் கூடத்தில் இருவரும் ப்ளைவுட் அறுத்துப் பெட்டி செய்வோம். பிறகு மைக் வைத்து அளவெடுப்போம். ஸ்பீக்கர் அடிக்குரலிலிருந்து கீச்சுக்குரல்வரை ஒருமுறை ஊளையிடும். கூடம் எந்த ஒலியை ஊதிப் பெருக்குகிறதோ அதைக் கம்ப்யூட்டர் கண்டுபிடித்துக் குறைத்துவிடும். மைக் வைத்த இடத்தில் உட்கார்ந்தால்தான் பாட்டு முழுச் சுத்தமாகக் கேட்கும்.

நான் அவசரக்காரன். பெட்டி கோணினால் "கம்ப்யூட்டர் பாத்துக்கும், விடுய்யா" என்பேன். அவர் விடமாட்டார். "பொட்டியில வுட்ட தப்ப அதும் தலையில கட்டாத வாத்தியாரே. மேட்டத்தான் அது வெட்டும், பள்ளத்த ரொப்பாது." மிஞ்சி ஒலிப்பது மேடு, அமுங்கிப்போவது பள்ளம். இந்தப் பேச்சுக்குக் கோபித்துக்கொண்டு ஒருமுறை ஒரு மாதம் போகாமல் இருந்தேன். அவர்தான் கடையைப் பூட்டிவிட்டு வந்து அழைத்துப்போனார். அந்த நான்கு ஞாயிறுகளை நினைத்தால் இப்போது என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ஒருமுறை அளவெடுத்தபோது கூடத்து மூலையில் மக்காச்சோள மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். பாட்டு அருமையாக வந்தது. சில நாளில் தவில் ஒலி கும்மென்று வீங்கியது. பசை விட்டுவிட்டது என்று அவரும், வயர் மாறிவிட்டது என்று நானும் சண்டை போட்டு, இரண்டு பெட்டிகளையும் பிரித்தே போட்டுவிட்டோம். அஞ்சலை எட்டிப் பார்த்தார். "மூட்டய ஏத்திக்கினு போன நாள்லேர்ந்துதான் இப்டி கத்துது. நீங்கள்லாம் இன்னா படிச்சீங்களோ!" மூட்டைகள் ஒலியை உறிஞ்சிக்கொண்டிருந்தது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. தணிகாசலம் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதன்பின் அளவெடுக்கும்போதெல்லாம் எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று எழுதிப் பெட்டியின் பின்னால் ஒட்டிவிடுவார்.

காரியம் முடிந்த மறுநாள் அஞ்சலை பாட்டு போடச் சொன்னார். துக்கத்துக்கு வருகிறவர்களுக்காகக் கூடத்தைக் காலி செய்திருந்தார்கள். ஒலி வீங்கியது. "அவரு வெச்சாப்ல இல்லியே சார்" என்று உடைந்து அழுதார்.

"புதுசா அளவெடுத்துடறேன்மா."

"அப்ப அவரு போட்டது?"

"இந்தக் காலிக் கூடத்துக்கு அது ஆவாதும்மா."

"அளவ மாத்தாதீங்க. கூடத்த மாத்துங்க சார்."

பெட்டியின் பின்னால் தாள் இருந்தது. கடைசி அளவை, நான் மலையில் இருந்த ஒரு வேலைநாளில் அவர் தனியாக எடுத்திருக்கிறார். "கட்டில் கிழக்குச் சுவரோரம். பீரோ ஜன்னலுக்கு ஒரு முழம் தள்ளி. மூட்டை ஐந்து, மூலையில். மைக், வாத்தியார் நாற்காலியில்."

அவர் எப்போதும் கதவோரம் உட்கார்ந்துதான் கேட்பார். காற்றுக்காக என்று நினைத்திருந்தேன். தாளைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

பக்கத்து வீட்டிலிருந்து மூட்டைகள் வாங்கி அடுக்கினோம். கட்டிலையும் பீரோவையும் பழைய இடத்துக்கே நகர்த்தினோம். பாட்டு சுத்தமாக வந்தது. பள்ளம் அப்படியேதான் இருக்கிறது.

அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. ஞாயிறுதோறும் போகிறேன். என் நாற்காலியில் அஞ்சலை உட்காருகிறார். நான் கதவோரம்.