பூசணிக் கொல்லையில் சுகுணா மேடம்

செய்தியைச் சொன்னது என் அண்ணி. ஆம்பூர் ஷூ கம்பெனியிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் போனில் கூப்பிட்டார். “உங்க சுகுணா மேடம் போய்ட்டாங்களாமே, மாரடைப்பாம். தெரியாதா?” என்றார். எனக்குத் தெரியாது. வேலூரில் ஒரே கல்லூரியில், பக்கத்துப் பக்கத்து ஆய்வகத்தில் அவரோடு இத்தனை வருஷம் வேலை பார்த்தவன் நான். எனக்கு முன்னால் அண்ணிக்குத் தெரிந்திருக்கிறது. முதலில் எரிச்சல்தான் வந்தது. அழுகை பிறகு வந்தது.

அவரை அறிந்தவர்கள்தான் இதை வாசிப்பீர்கள். அதனால் இனிமையானவர், பொறுமைசாலி என்றெல்லாம் எழுதினால் சிரிப்பீர்கள். குடியாத்தத்துக்காரர், தாவரவியல் பேராசிரியர். தோல் தொழிற்சாலைக் கழிவு ஊறிய மண்ணில் எந்தச் செடி பிழைக்கிறது, அதைத் தேடி எந்தப் பூச்சி வருகிறது, எது வராமல் போகிறது என்பதே அவருடைய ஆராய்ச்சி. பேச்சில் சர்க்கரை கம்மி. “தெரிஞ்சா தெரியும்னு சொல்லுங்க, தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க, நடுவுல இழுக்காதீங்க” என்று மாணவர்களிடம் சொல்வார். கல்லூரி முதல்வரிடமும் அதையேதான் சொல்வார்.

எங்கள் ஊர் ஆம்பூருக்குப் பக்கத்தில், பாலாற்றங்கரையில் இருக்கிறது. தோல் பதனிடும் டேனரி ஒன்றின் கழிவுநீர் ஓடை வழியாக வந்து எங்கள் கிணறுகளை உப்பாக்கிவிட்டது. தென்னை மட்டைகள் காய்ந்து தொங்கின. பூசணியும் கைவிட்டது. பிஞ்சு எலுமிச்சை அளவுக்கு வரும், மஞ்சளாகிக் கொட்டிவிடும். ஓடையை அடைக்க வேண்டும், குடிக்கத் தண்ணீர் தர வேண்டும், பயிருக்கு நஷ்டஈடு வேண்டும் என்று ஊரார் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டார்கள். விசாரணைக்கு நாள் குறித்தார்கள். ஊர்த் தரப்பில் தண்ணீரைச் சோதிக்க வேதியியல் வாத்தியாரான நான். செடியையும் பூச்சியையும் பார்க்க மேடம். அவரை ஊருக்கு அழைத்துப் போனதும் நான்தான்.

விடிந்தும் விடியாததுமாக மேடம் என் அண்ணன் கொல்லையில், பூசணிப் பூ ஒன்றுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். பூசணிப் பூ காலையில் விரியும், வெயில் ஏறினால் மூடிக்கொள்ளும். அதற்குள் தேனீ வந்து போனால்தான் காய் நிற்கும். ஒன்றுகூட வரவில்லை. எல்லாம் டேனரித் தண்ணி செய்கிற வேலை என்று அண்ணி பொரிந்து தள்ளினார். மேடம் வரப்போரம் செத்துக் கிடந்த தேனீக்களைப் பொறுக்கிக்கொண்டே, எப்போது பூச்சிமருந்து அடிப்பீர்கள் என்று கேட்டார்.

“காலையிலதான் மேடம். அடிச்சிட்டு ஓடுனாதான் கம்பெனி பஸ்ஸ புடிக்க முடியும். சாயந்திரம் வர்றதுக்குள்ள இருட்டிடுது.”

எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது ஷூ கம்பெனியிலோ டேனரியிலோ வேலை செய்கிறார்கள். ஆக, ஊரே பஸ் வருவதற்கு முன்னால் மருந்து அடித்தது, பூ விரிந்திருக்கும் அதே நேரத்தில். மேடம் அதோடு விடவில்லை. கொல்லை கொல்லையாக அலைந்தார். ஓடைத் தண்ணீர் எட்டாத கொல்லையிலும் பிஞ்சு கொட்டியது. ஓடையை ஒட்டி, மருந்து அடிக்காமல் விட்டிருந்த கொல்லையில் தேனீ வந்தது. செத்த தேனீக்களின் உடம்பில் அந்த மருந்து இருந்ததை ஆய்வகச் சோதனையும் உறுதி செய்தது.

விசாரணைக்கு முந்தின நாள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அதை அவரே சொன்னார். கூட்டம் எழுந்துவிட்டது. யாரோ போய் அவர் காருக்குக் குறுக்கே மாட்டுவண்டியை நிறுத்தினார்கள். “நம்ம ஊருக்கு எதிரா நீயே ஆள கூட்டிக்கினு வந்தியா?” என்று அண்ணன் என் சட்டையைப் பிடித்தார். தேனீயை விட்டுவிடுங்கள், கிணற்றை மட்டும் சொல்லுங்கள் என்று நானும் மேடத்திடம் கத்தினேன். ஊர் பக்கம் நின்றதில் எனக்கு இன்றைக்கும் வெட்கமில்லை.

“பாதிய நான் மறைச்சா, அத டேனரி வக்கீல் எடுத்து வெப்பாரு. அப்புறம் கிணத்தயும் யாரும் நம்ப மாட்டாங்க” என்றார் மேடம்.

“ஓடைய அடைக்கலன்னா எம்புள்ளைங்க இன்னா குடிக்கும்? உங்க தேனீயயா குடிக்கும்?” என்று கேட்டார் அண்ணி.

மேடம் போய்க் காரில் ஏறிக்கொண்டார். வண்டியை நகர்த்தும்வரை காருக்குள் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் விசாரணையில் கிணறு, தென்னை, தேனீ எல்லாவற்றையும் வாசித்தார். டேனரி வக்கீல் துள்ளி எழுந்தார். பழி பூச்சிமருந்து மேல்தான் என்று இவர்கள் ஆளே ஒப்புக்கொண்டாகிவிட்டது, மனுவையே தள்ளுபடி செய்யுங்கள் என்றார். மேடம் குரலை உயர்த்தவில்லை. “தேனீ செத்தது அவங்க மருந்தால. கிணறு கெட்டது உங்க உப்பால. ரெண்டயும் ஒரே கையாலதான் எழுதியிருக்கேன். ஒண்ண நம்பினா இன்னொண்ணயும் நம்பித்தான் ஆகணும்.”

ஓடை அடைபட்டது. ஊருக்குக் குடிநீர்க் குழாய் வந்தது. பூசணிக்கு நஷ்டஈடு இல்லை என்றுவிட்டார்கள். அந்தக் கோபத்தில் ஊர் அவரை மறுபடி அழைக்கவேயில்லை. கிணறு இன்னும் உப்புதான். தெளிய ரொம்பக் காலம் பிடிக்கும் என்று அவரே சொல்லியிருந்தார். அண்ணி இப்போது ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம்தான் மருந்து அடிக்கிறார். மேடம் சொன்னதால் இல்லை, அன்றைக்கு லீவு என்பதால் என்பார்.

அவருடைய கட்டுரைகள் நூலகத்தில் இருக்கும். என்னிடம் இருப்பது வேறு. விசாரணையன்று பெயரைக் கூப்பிட்டதும் மேடம் எழவில்லை. என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். அவர் விரல்கள் சில்லிட்டிருந்தன.

“நான் இத வாசிச்சதால ஓடைய அடைக்காம போய்ட்டா, அந்தப் புள்ளைங்க முகத்துல எப்படி சார் முழிப்பேன்?”

இரண்டாம் முறை கூப்பிட்டார்கள். கையை விட்டுவிட்டு எழுந்து போய், ஒரு வரி விடாமல் வாசித்தார்.

இரங்கல் கூட்டத்தில் எல்லோரும் அவரைப் பயமறியாதவர் என்று பேசினார்கள். என் மணிக்கட்டுக்குத் தெரியும், அது பொய். பயந்து நடுங்கிக்கொண்டுதான் அவர் முழுவதையும் வாசித்தார். அந்தப் பயத்தைத்தான் நான் வைத்துக்கொள்கிறேன்.