நாலாம் நாள் இறங்கிய காய்ச்சல்

விபத்து வார்டில் எங்களுக்குச் சோறு போட்டது தெர்மாமீட்டர்தான். அதை நம்பி ஏமாந்த என் சக நர்ஸ்களுக்காக இதைச் சொல்கிறேன்.

ஆள் மாறிய கட்டில்

எழுபதுகளில் அசோக் நகர் முழுக்க வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். சாரத்திலிருந்து விழுந்தவர்கள் எங்களிடம் வருவார்கள். பெயிண்டர் எத்திராஜ் அப்படி வந்தவர். தொடை எலும்பு வெளியே தெரிந்தது. விலாவும் இடுப்பும் உடைந்திருந்தன. மறுநாள் அடிபடாத முகமும் கையும்கூட வீங்கி, காய்ச்சல் நூற்று மூன்று. "உடைஞ்ச இடம் மட்டுமில்லம்மா, உடம்பு முழுக்கச் சண்டைக்குக் கிளம்பிடுச்சு" என்றார் பெரிய டாக்டர். சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து ஓடிவந்த மனைவி செல்வி கட்டிலைச் சுற்றிப் பார்த்தாள்.

"இது யாரோ சிஸ்டர், எங்க வூட்டுக்காரு எங்க கீறாரு?"

பித்தளைக் குடம்

நாலாம் நாள் காய்ச்சல் மளமளவென்று இறங்கியது. எனக்கு ஒரே சந்தோஷம். இனிமேல் காலை, மாலை பார்த்தால் போதும் என்று சார்ட்டில் எழுதினேன். என் மூளையை என்ன சொல்ல! செல்வியோ, காய்ச்சல் விட்டால் தலைக்கு ஊற்ற வேண்டும் என்று குடம் நிறைய மஞ்சள் தண்ணீரும் எட்டு உறவுக்காரர்களுமாக வந்து நின்றாள். கட்டுக்கு மேலேயே ஊற்றியிருப்பாள். பெரிய டாக்டர் அவளை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார். "காயம் ஆறலை. உடம்பு சண்டை போட்டுக் களைச்சுப்போச்சு. இப்பதான் கிருமி உள்ளே வரும். காலும் போகும், ஆளும் போவான்." குடத்தைப் பிடுங்கி, தண்ணீரைக் கொட்டிவிட்டு என் மேஜைக்கடியில் வைத்தேன். செல்வி முறைத்தாள்.

"காய்ச்சல் அடிச்சாலும் பயப்படுறீங்க, வுட்டாலும் பயப்படுறீங்க, இன்னா ஆஸ்பத்திரி இது?"

அரை டிகிரி

அதன்பிறகு இரண்டு மணிக்கொரு தரம் பார்த்தேன். உறவுக்காரர் ஒருவரையும் கட்டிலருகே விடவில்லை. வார்டில் எனக்கு ராட்சசி என்று பேர். எட்டாம் நாள் மதியம் அரை டிகிரி ஏறியது. வெயில்தான் காரணம் என்றாள் கூட இருந்த நர்ஸ். அதே வெயிலில் பக்கத்துக் கட்டிலுக்கு ஏறவில்லையே! டாக்டரைப் பாதிச் சாப்பாட்டில் எழுப்பிக் கூட்டிவந்தேன். கட்டைப் பிரித்தால், தொடைக்குள் சீழ் கட்ட ஆரம்பித்திருந்தது. உடனே கீறி வடித்தார்கள். கை கழுவிக்கொண்டே டாக்டர் சொன்னதை நான் ஜென்மத்துக்கும் மறக்கமாட்டேன்.

"நாளைக்குக் கூப்பிட்டிருந்தா, காலை எடுத்திருப்பேன்."

தூசி தட்டியது

மூன்று மாதம் கழித்து எத்திராஜ் ஊன்றுகோல் பிடித்து, இரண்டு காலாலும் வாசல்வரை நடந்தார். வார்டே எழுந்து உட்கார்ந்து பார்த்தது. எனக்குக் குதிக்கவேண்டும் போலிருந்தது. செல்வி என் மேஜைக்கடியில் குனிந்து குடத்தை எடுத்துத் தூசி தட்டினாள்.

"இப்பவாவது ஊத்தலாமா சிஸ்டர்?"

முதல் செம்பை நான்தான் ஊற்றினேன், அதற்கு முன்னால் ஒரு தரம் காய்ச்சல் பார்த்துவிட்டு.