பார்பராவின் புருசன்

1996 மாசியில் சுவிஸில், ஓஸ்டர்முண்டிகன் தேவாலய மண்டபத்தில் ஒரு நாடகம் போட்டார்கள். முன்னூறு வருடத்துக்குக் கிட்ட முன்பு பேர்ண் பக்கத்திலிருந்து கப்பலேறி அமெரிக்காவுக்குப் போன பெண்களைப் பற்றியது. பெரிய இடத்துப் பெண்கள் இல்லை. ரொட்டி சுட்டவள், ஆடு வளர்த்தவள், ஊராருக்கு உடுப்புத் தோய்த்தவள்.

தோய்த்தவளின் பெயர் பார்பரா. அந்த வேடம் தில்லைநாயகிக்குக் கிடைத்தது. வேலைசெய்யும் ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் அவள் வாயைத் திறந்தால் "ஓம்", "விளங்குது", அவ்வளவுதான். இதிலோ ஒரு பக்கம் முழுக்க ஜேர்மன் வசனம். பஸ்ஸில் முணுமுணுத்தே பாடமாக்கினாள்.

வந்த வில்லங்கம், பார்பரா விதவை.

"நான் கல்லுமாதிரி இருக்கிறன். நீர் பொட்டில்லாமல் மேடையில நிக்கப்போறீரோ?" என்றார் புருசன் தம்பித்துரை.

"செத்தது பார்பராவின்ரை மனுசனப்பா. உங்களை ஆர் கேட்டது?"

"சனம் என்னைத்தானே பாக்கும்."

தாலி கழுத்துப்பட்டிக்குள் மறையும், பொட்டைத் தொப்பி மறைக்கும் என்று சொல்லிப் பார்த்தாள். அவர் அசையவில்லை. கடைசியில் நாடகம் பழக்கிய ஃபிறாவ் வெங்கரிடமே போய் முறையிட்டார். அந்த மனுசி, நல்லது செய்வதாக நினைத்து, பார்பராவின் புருசனைச் சாகவிடாமல் காட்டுக்கு விறகு வெட்ட அனுப்பிவிட்டார்.

தில்லைநாயகிக்குப் பத்திக்கொண்டு வந்தது. புருசன் திரும்பி வருவான் என்றால், "இந்த நிலத்தை என் பேரில் எழுதுங்கள்" என்று பார்பரா ஏன் கேட்கப்போகிறாள்? அந்த வரியையும் வெட்டியாயிற்று. மிச்சம் தோய்க்கிறதுதான். அதை அவள் சம்பளத்துக்கே செய்கிறாள்.

நாடகத்தன்று தம்பித்துரை முன்வரிசையில் இருந்தார். தில்லைநாயகி வாளியைக் கீழே வைத்தாள். "என் புருசன் போன மாரியில் இறந்துபோனான். இந்த நிலத்தை என் பேரில் எழுதுங்கள்," என்றாள், ஜேர்மனில், ஒரு சொல்லும் பிசகாமல். ஃபிறாவ் வெங்கர் கையிலிருந்த தாளைப் புரட்டினார். தம்பித்துரை எழும்பி வெளியே போனார்.

பஸ் தரிப்பில் குளிருக்குள் நின்றார். அவளைக் கண்டதும் அவர் பார்வை நெற்றிக்குப் போனது. ஒட்டுப்பொட்டு தொப்பியோடு கழன்று போயிருந்தது. தொப்பியைத் திருப்பிக் கொடுத்தாயிற்று.

"இப்ப சந்தோசமோ?"

கைப்பையைத் துழாவினாள். வேறு பொட்டு இல்லை.

"வீட்டை போய் ஒட்டுறன். அதுவரைக்கும் செத்தவர் மாதிரிச் சத்தம்போடாமல் வாங்கோ."

பஸ் வந்தது. அவர் முன்னுக்கு ஏறினார், அவள் பின்னுக்கு.